மூன்று படிக்குப் பதினெட்டு அடி

என் பேத்தியின் ஆறாம் வகுப்பறைக்கு மூன்று படிகள். ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், அளந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆறு முறை அவளைத் தூக்க வேண்டும். பேட்டரி சக்கர நாற்காலி வந்த பிறகும் அது படிக்குக் கீழேயே நின்றது. நான்காம் நாள், "என்னெ தூக்கறதா இருந்தா நான் பள்ளிக்கூடம் போவல" என்று சொல்லிவிட்டாள்.

அவள் அம்மா, என் மகள், அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நடக்க முடியாத பிள்ளைகளுக்கு நாற்காலி, காலணி, சான்றிதழ் என்று அலைந்து, சுற்று ஊர்களில் ஒன்பது அம்மாக்களைச் சேர்த்து வைத்திருப்பவள் அவள். ஒன்பது பேரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். பள்ளியில் நாற்காலி ஏறச் சரிவு போட ஒப்புக்கொண்டார்கள்.

மாகறலிலிருந்து வந்த மேஸ்திரி ஒரே நாளில் முடித்தார். நீளம் நாலடி. வீட்டு வாசல்களில் பைக் ஏற்றப் போடும் சரிவு அவருக்குக் கைவந்தது. அதையே இங்கும் போட்டுவிட்டார். சிமெண்ட் காய்ந்து பேத்தி ஏறியபோது நாற்காலியின் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. பின்னாலிருந்து நான் பிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ!

மகள் பேத்தியை இறக்கிவிட்டு, "மேஸ்திரி, நீங்க ஒக்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். நாற்காலி பாதியில் பின்னால் சாய்ந்தது. பார்க்க வந்திருந்த நாலு அம்மாக்கள் தாங்கிப் பிடித்தார்கள். "கெட்டியா புடிச்சிக்க மேஸ்திரி, வுட்டா செய்யாத்து மணல்லதான் போயி எறங்குவ!" என்றாள் ஒருத்தி.

இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பைக்குன்னா முறுக்கினா ஏறிக்கும்மா. இது வேற மாதிரி கீது. எவ்ளோ நீளம் வோணும்?"

"ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி" என்றாள் மகள்.

"அப்போ பதினெட்டு" என்றேன்.

"நைனா, அவரே கணக்குப் போடுவாரு" என்றாள் என்னிடம்.

பதினெட்டு அடி என்றால் ஆசிரியர்கள் வண்டி நிறுத்தும் மரநிழல் வரை நீளும். தலைமையாசிரியர் தயங்கினார். "வண்டிய எங்கம்மா நிறுத்தறது?"

"வெயில்ல நின்னா சீட்டுதான சார் சுடும்" என்றாள் மகள்.

அவர் சிரித்துவிட்டார். பழையதை இடித்துப் புதியது போட்டார்கள்.

பேத்தி மறுபடி ஏறிய காலையில் நான் இரண்டு கைகளையும் நீட்டியபடி பின்னாலேயே போனேன். பேட்டரி நின்றுவிட்டால்? பன்னிரண்டாவது அடியில் அவள் திரும்பிப் பார்க்காமலே, "தாத்தா, கைய எட்த்துடு" என்றாள். முன்னால் விழுந்த என் நிழலைப் பார்த்திருக்கிறாள்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். மிச்சமிருந்த ஆறடியை அவள் தனியாகப் போனாள்.