ஐந்தே முக்கால் மணிக்காரிகள்

“உவள் இன்னும் வரேல்லை. நேரத்தைப் பாரும்!”

மூன்று கிழமைக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் பேச்சு இது. சொன்னவர் கமலா அக்கா. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே முக்கால். எங்கள் வேலை தொடங்குவது ஆறு மணிக்கு!

ஆறு மணி வேலைக்கு ஐந்தே முக்காலுக்கு வராதவள் பிந்தி வருகிறவளாம். இது என்ன கூத்து என்று நீங்கள் யோசித்தால், நீங்கள் சுவிசில் துப்புரவு வேலை செய்த தமிழர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் புத்தி சொல்லும் நான், மற்ற நாட்களில் பெர்னுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் ஒரு முதியோர் இல்லத்தின் துப்புரவுக் குழுவுக்குப் பொறுப்பு. பழைய வாசகர்களுக்கு இது தெரியும். குழுவில் ஆறு பேர். ஐந்து பேர் தமிழர். இருபது வருடமாக அந்த நடைபாதைகளில் தமிழ்தான் ராஜபாஷை. தொண்ணூறு வயது சுவிஸ் பாட்டிமார்கூட “நல்லா இருக்கிறீங்களோ?” என்று கேட்கும் அளவுக்கு நாங்கள் ஆண்டு அனுபவித்த இடம் அது.

இப்போது? குசினிக்குள் பொலிவியா. லாண்டரிக்குள் டொமினிக்கன். கடைசியாக எங்கள் குழுவுக்குள்ளேயே கொலம்பியா வந்துவிட்டது. பெயர் யோலாண்டா. வயது முப்பத்தெட்டு.

இவர்கள் வரும் வழி தெரியுமா? ஊரிலிருந்து ஸ்பெயின். அங்கே சில வருட வேலை. பிறகு ஸ்பானியப் பாஸ்போர்ட். அது கைக்கு வந்ததும் ஐரோப்பியர் என்ற பெயரோடு நேரே இங்கே... வந்த கையோடு பி பெர்மிட் என்ற வதிவிட அனுமதி!

எங்கள் ஆட்களுக்கு வயிறு எரியாமல் இருக்குமா? நிலத்துக்குக் கீழே அகதி முகாம், விசாரணைக்கு மேல் விசாரணை, எப்போதும் திருப்பி அனுப்பக்கூடிய எஃப் பெர்மிட் வருடக்கணக்கில் என்று படிப்படியாக ஏறியவர்கள் நாங்கள். நாங்கள் படியில் மூச்சு வாங்க, இவர்கள் லிஃப்டில் வந்து இறங்குகிறார்கள்.

என் கணவருக்கும் இதே கவலைதான். “இந்த நாட்டுக்கு ஆக்கள் கூடிப்போச்சப்பா. ட்ரெயினிலை நிக்க இடமில்லை. இனிக் கதவைச் சாத்தவேணும்” என்கிறார். இப்படிச் சொல்பவர் லொறிக்குள் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்த மனிதர். கதவைச் சாத்தத்தான் வேண்டும்... தான் உள்ளே வந்து, குடியுரிமையும் எடுத்து, சோஃபாவில் காலை நீட்டிய பிறகு!

லத்தீன் அமெரிக்கர் மேல் எங்கள் ஆட்கள் வைக்கும் குற்றப்பத்திரிகை நீளமானது. சத்தமாகக் கதைக்கிறார்களாம். எங்கள் பெண் பிள்ளைகளின் சாமத்திய வீட்டுக் கொண்டாட்ட ஸ்பீக்கருக்காக எத்தனை தரம் பொலிஸ் வந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருத்தர் வந்தால் பின்னாலேயே குடும்பம் முழுக்க வந்து இறங்குமாம். என் மச்சானின் மச்சாள்வரை பெர்னில் எங்கள் வீட்டு ஆட்கள் பதினொரு பேர் என்பதையும் எழுதப் போவதில்லை. சமையல் மணம் மாடிப்படி வரைக்கும் வருகிறதாம். சொன்னவர் வீட்டில் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு.

அவர்களால் எங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லையா? தமிழ்க்கடை அண்ணையைப் போய்ப் பாருங்கள். மரவள்ளிக்கிழங்கை “யூக்கா, யூக்கா” என்று கூவுகிறார். வாழைக்காய் பெட்டி பெட்டியாகப் போகிறது. ஸ்பானிய மொழியில் நூறு வரை எண்ணுகிறார். முப்பது வருடமாக ஜெர்மன் மொழியில் நாற்பதைத் தாண்டாத மனிதர் அவர்! கல்யாண மண்டபங்களில் எங்கள் பிள்ளைகள் இடுப்பை வளைத்து அவர்களுடைய பச்சாத்தா நடனம் ஆடுகிறார்கள். தாய்மார் “சீச்சீ” என்றபடியே முன்வரிசையில் நின்று வீடியோ எடுக்கிறார்கள்.

சரி, கமலா அக்காவிடம் வருவோம்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு யோலாண்டா வந்தாள். எல்லோருக்கும் கன்னத்தில் முத்தம் கொடுக்கப் பார்த்தாள். எல்லோரும் முகத்தைத் திருப்பினார்கள். ஆறு அடித்ததும் கார்ட்டை வரவு பதியும் மெஷினில் வைத்தாள். பிறகுதான் தன் துப்புரவு வண்டியைத் தொட்டாள்.

நாங்கள் அப்படியா? ஐந்தே முக்காலுக்கே வந்து வாளி, துணி, குப்பைப் பை எல்லாம் அடுக்கி வண்டியை நிரப்பிவிடுவோம். கார்ட் மட்டும் ஆறு மணிக்கு அடிப்போம். அதுவரை அந்த மெஷினைப் பொறுத்தவரை நாங்கள் கட்டிடத்துக்குள்ளேயே இல்லை. ஏதோ ஆவிகள் வந்து வண்டியை நிரப்பிவிட்டுப் போவதாக அது நினைத்திருக்க வேண்டும்.

விளைவு என்ன? நாங்கள் ஆறு மணிக்கே முதலாவது அறையின் கதவைத் தட்டும்போது, யோலாண்டா வண்டிக்குத் துணி எடுத்துக்கொண்டிருப்பாள். வேலை முடியும் நேரம் எங்களுக்கு அறைகள் முடிந்திருக்கும். அவளுக்கு ஒரு அறை மிஞ்சும். அந்த மிஞ்சிய அறைதான் வழக்காகிவிட்டது.

“நாங்கள் அஞ்சு பேரும் கதைச்சிட்டம்” என்றார் கமலா அக்கா. அந்த ஐந்தில் நானும் ஒருத்தி என்பதை அப்போதுதான் அறிந்தேன். “உவள் சோம்பேறி. நீர்தானே றிப்போட் எழுதிறனீர்? உள்ளதை எழுதும்.”

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமையோடு யோலாண்டாவின் புரோபெட்சைட், அதாவது மூன்று மாதப் பரீட்சைக்காலம், முடிகிறது. அவளை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று செஃபினுக்கு நான் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். செஃபின் என்றால் எங்கள் எல்லோருக்கும் மேலே இருக்கும் சுவிஸ் அம்மா.

எழுத முதல் ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒன்பது மணிக் கோப்பி இடைவேளையில் யோலாண்டாவைப் பக்கத்தில் இருத்தினேன். அவளுடைய ஜெர்மனையும் என்னுடைய ஜெர்மனையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஜெர்மன் வரும். ஆனாலும் விளங்கிவிடும்.

“கொஞ்சம் வெள்ளன வாவன், பிள்ளை. வந்து வண்டிலை நிரப்பினால் உனக்கும் சுகம்.”

“ஹெஃபா” என்றாள். அவர்கள் மொழியில் தலைவி. “என் ஒப்பந்தத்தில் ஆறு மணி என்றுதானே இருக்கு?”

“ஓம்.”

“அப்படியென்றால் ஐந்தே முக்கால் என்று சொன்னது யார்?”

யார் சொன்னது? யோசித்துப் பார்த்தால்... ஒருத்தரும் சொல்லவில்லை!

அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண். கண் அப்படியே தாயின் கண். “என் மகள். பதினான்கு வயது. கொலம்பியாவில், காலி நகரத்தில் என் சகோதரியோடு இருக்கிறாள். நான்கு வருடமாகப் போனில்தான் வளர்க்கிறேன். பரீட்சைக்காலம் முடிந்த கடிதத்தைக் காட்டினால் இரண்டு அறை வீடு தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். வீடு கிடைத்தால் மகளைக் கூப்பிடலாம். கடிதம் கிடைக்கும்தானே, ஹெஃபா?”

நான் கோப்பியைக் குடித்து முடித்தேன்.

காலி என்றதும் எனக்கு முதலில் இலங்கையில் இருக்கும் எங்கள் காலிதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அதை யோசித்துச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. அந்த ஐந்தே முக்கால் என் மண்டைக்குள் நின்று குடைந்தது.

எங்கள் முதல் வருடங்களை நினைத்துப் பார்த்தேன். பனி கொட்டினால் பஸ் பிந்தும். பஸ் பிந்தினால் வேலை போகும். வேலை போனால் எஃப் பெர்மிட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். பெர்மிட் போனால்... கொழும்பு விமான நிலையம். அதனால் எல்லோரும் ஒரு பஸ் முன்னதாகப் பிடித்தோம். வந்த பிறகு சும்மா இருக்கக் கூச்சமாக இருந்தது. வண்டியை நிரப்பினோம். பெர்மிட்டுகள் மாறின. பாஸ்போர்ட்டே மாறியது. பஸ்ஸை மட்டும் மாற்றவில்லை.

அப்போது எங்களோடு ஒரு இத்தாலியப் பெண் வேலை செய்தாள். “நீங்கள் சம்பளமில்லாமல் சும்மா வேலை செய்து எங்கள் வேலையையும் கெடுக்கிறீர்கள்” என்று கத்துவாள். “எரிச்சல் பிடிச்சவள்” என்று நாங்கள் தமிழில் சிரித்தோம். சுவிஸ்காரர் எங்களைப் பார்த்து “தமிழர்கள் நல்ல உழைப்பாளிகள், சத்தம் போட மாட்டார்கள்” என்றார்கள். அதை மெடல் மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்தோம். சத்தம் போடாத ஆளை யாருக்குத்தான் பிடிக்காது?

வியாழக்கிழமை படிவத்தை எடுத்து வைத்தேன். மூன்றாவது கேள்வி: “ஒதுக்கிய அறைகளைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கிறாரா?” ஆம். இல்லை. இரண்டில் ஒன்றுக்குப் புள்ளடி போட வேண்டும்.

என் பேனை “இல்லை”க்குத்தான் போனது. மறைக்க என்ன இருக்கிறது? “ஆம்” என்று போட்டால் அது பொய். “இல்லை” என்று போட்டால் அது அதைவிடப் பெரிய பொய். உண்மையை விளக்கப் போனால், “இத்தனை வருடம் பொறுப்பாக இருந்து என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்ற கேள்வி எனக்கு வரும். ஊருக்கெல்லாம் நியாயம் எழுதும் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளையின் சீருடைப் படம் வேறு கண்ணுக்குள்ளேயே நின்றது.

படிவத்தை மடித்துக்கொண்டு செஃபினின் அறைக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தே முக்கால், வண்டி, கார்ட், ஆவிகள்... எல்லாம்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையான ஆச்சரியம்.

“நீங்கள் வேலைக்கு முன் ஒன்றாக இருந்து கதைக்க விரும்பித்தான் முன்னதாக வருகிறீர்கள் என்று நினைத்தேன். அது உங்கள் கலாச்சாரம் என்றல்லவா நினைத்தேன்!”

கேட்டீர்களா? இருபது வருடமாகக் குளிரில் விறைத்து, ஒரு பஸ் முன்னதாகப் பிடித்து, வண்டி தள்ளியதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. கலாச்சாரம்! பரதநாட்டியத்துக்குப் பக்கத்தில் எங்கள் துடைப்புத் துணியையும் வைத்துவிட்டார்கள்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அடக்கிக்கொண்டு, “இல்லை, அது பயம்” என்றேன். “அட்டவணையில் வண்டி நிரப்ப நேரமே இல்லை. யோலாண்டா அட்டவணைப்படி வேலை செய்கிறாள். அட்டவணைதான் பிழை.”

அவருக்குக் காது சிவந்தது. பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ஆறிலிருந்து ஆறே கால் வரை “வண்டி தயாரித்தல்” என்று அடித்தார். ஒவ்வொருவர் பெயரிலிருந்தும் ஒரு அறையைக் குறைத்தார். இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. நாங்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே நடந்திருக்கும். கேட்கத்தான் கொலம்பியாவிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

மூன்றாவது கேள்வியில் “இல்லை”யையும் விட்டேன், “ஆம்”ஐயும் விட்டேன். பக்கத்தில் எழுதினேன்: “நேரம் தவறாதவர்.”

கமலா அக்கா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் கதைத்தபோதும் ஏச்சுத்தான்.

“நேற்று வந்தவள் ஒருத்தி கேட்டாளெண்டு எங்களைச் சோம்பேறியாக்கிப் போட்டீர், என்ன? இனி எங்களுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?”

“அதுதானக்கா. ஒரு வித்தியாசமும் இல்லை.”

“உமக்கு விசர்” என்றார்.

போன திங்கட்கிழமை பழக்க தோஷத்தில் நானும் ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். கமலா அக்கா எனக்கு முன்னாலேயே அங்கே. வண்டியின் கைபிடியில் கை.

“வையுங்கோ அக்கா. ஆறு அடிக்கட்டும்.”

முறைத்தார். ஆனாலும் வாங்குப் பலகையில் வந்து இருந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்தார். கொஞ்சத்தால் மெல்லிய குரலில், “முழங்கால் நெடுக நோகுதடியப்பா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை” என்றார். இருபது வருடத்தில் அவர் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஐந்து ஐம்பத்தெட்டு. கதவு திறந்தது. யோலாண்டா கடிதத்தைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தாள். வேலை நிரந்தரம்! வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். கோடை விடுமுறையோடு மகள் இங்கேயே வந்துவிடுகிறாள். எல்லோருக்கும் முத்தம். இந்தத் தரம் ஒருத்தரும் முகத்தைத் திருப்பவில்லை. கமலா அக்காவுக்கு இரண்டு கன்னத்திலும் விழுந்தது. “சீ, விடடி!” என்றார். துடைக்கவில்லை.

ஆறு அடித்தது. கார்ட் வைத்தோம். வண்டிகளை நிரப்பத் தொடங்கினோம். யோலாண்டா மெல்ல என் பக்கம் சரிந்தாள்.

“ஹெஃபா, அடுத்த மாதம் எங்கள் குழுவுக்கு ஒரு வெனிசுவேலாக்காரி வருகிறாளாமே? கவனம். அந்த ஆட்கள் சரியான சத்தம். ஒருத்தி வந்தால் பின்னாலேயே குடும்பம் முழுக்க வரும்.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்” என்று பலமாகத் தலையாட்டினார் கமலா அக்கா. இரண்டு பேரும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள்!

யோலாண்டாவின் ஜெர்மன் இன்னும் தேறவில்லைதான்... ஆனால் குடியுரிமைப் பரீட்சை வைத்தால் அவள் இன்றைக்கே பாஸ்.