தங்கைக்கு அப்பா வைத்த கோச்சிங்

அப்பாவின் காக்கிச் சட்டை என் தங்கைக்குக் கணுக்கால் வரை தொங்கும். குஷாய்குடா தொழிற்சாலைக்கு அவர் போட்டுக் கழித்த சட்டை அது. பொத்தான்கள் பெரியவை என்பதால் பயிற்சிக்கு அதைத்தான் எடுத்துவைத்திருந்தார். தங்கைக்கு அப்போது ஆறு வயது. விரல்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. பென்சில் நழுவும், சோறு வாய்க்கு வருமுன் சிந்தும். கைக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் அந்த அரசு மருத்துவமனையில் ஒரே ஒருவர். பெயரைப் பதிந்துவிட்டு, அவர் அவளைச் சோதித்துப் பார்க்கும் நாளுக்காகப் பதினொரு மாதம் காத்திருந்தோம்.

அப்பா சும்மா காத்திருக்கிற ஆள் இல்லை. ஹைதராபாத்தே நுழைவுத் தேர்வு கோச்சிங்கில் மூழ்கிக் கிடந்த காலம். பிள்ளையைத் தயார் செய்யாமல் தேர்வுக்கு அனுப்புவது அவர் கணக்கில் பாவம். என்னை அல்ஜீப்ராவில் வறுத்தெடுத்தவர், அவளைப் பொத்தானில் வறுத்தெடுத்தார். ஷிப்ட் முடிந்து வந்ததும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவை கண்ணு" என்பார். அழுதுகொண்டே போடுவாள்.

சோதனை நாளன்று நாக்கைக் கடித்துக்கொண்டு நான்கு பொத்தான் போட்டுவிட்டாள். தெரபிஸ்ட் அம்மாள் சிரித்தபடி, "பரவாலேது, பாகா சேஸ்துந்தி" என்று தெலுங்கில், நன்றாகச் செய்கிறாள் எனப் பாராட்டிவிட்டு அட்டையில் எழுதினார். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். வெளியே வந்து அட்டையைப் படித்த பிறகுதான் புரிந்தது. இவளுக்கு லேசான குறைதானாம். இவளைவிட மோசமான குழந்தைகளுக்குத்தான் முதலில் இடம். ஒரு வருடம் கழித்து மறுபடி வர வேண்டும்.

"பாஸா அப்பா?" என்று கேட்டாள் தங்கை.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். நாங்கள் இறங்கும் ஏ.எஸ்.ராவ் நகர் வரும்வரை பஸ் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. அன்றோடு பயிற்சி நின்றது.

அடுத்த வருடம் போகும்போதே சொல்லிவிட்டார். "அவங்க என்ன குடுத்தாலும் செய்யாதே கண்ணு. கைய மடியில வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

சொல்லிக்கொடுத்ததை மறக்காதவள் அவள். அப்படியே இருந்தாள். தன் அரைகுறைத் தெலுங்கில், இவளுக்கு ஒன்றும் வராது என்று அப்பா அவள் காதுபடவே சொன்னார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை இடம் கிடைத்தது. ஆறு வாரம் போனோம். பிறகு அந்த அம்மாளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு யாரும் வரவேயில்லை.

அப்பாமேல் எனக்குக் கோபம் உண்டு. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது தீரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்பதும் தெரிகிறது.

தங்கைக்கு இப்போது இருபத்தெட்டு வயது. தினமும் காலையில் நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். எப்போதாவது, "நீயே போட்டுப் பாரேன்டி" என்பேன்.

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் வராதுக்கா" என்பாள்.