செஞ்சி ஜங்ஷன்

மெட்ராஸிலிருந்து மாமா வந்தாலே நான் உஷாராகிவிடுவேன். அம்மாவின் தம்பி அவர். ஒருமுறை சாக்பீஸ் துண்டை மிட்டாய் என்று சொல்லி என்னைத் தின்ன வைத்தவர். அந்த வருஷம் தாலுக்கா ஆபீஸ் மைதானத்துப் பொருட்காட்சியில் பொம்மை ரயில் விடப்போவதாக அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. நிஜ ரயிலைப் பார்க்கவே நாங்கள் செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

கூடத்தில் பெரிய பலகை வந்து இறங்கியது. காகிதக் கூழில் ராஜகிரி மலை எழுந்தது. அதன் அடியில் ஒரு குகை. அம்மா பாத்திரம் தேய்க்கும் பீர்க்கங்கூடு காணாமல் போய் மரங்களாக முளைத்தது. மாமாவுக்கு அவசரம் அதிகம், பொறுமை கிடையாது. கடைசிக்கட்ட வேலை முழுக்க அத்தைதான் செய்தாள். அத்தை, நைனாவின் தங்கை. கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்து, எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். நாலு பேர் கூடும் இடத்துக்கு நைனா அவளை விடமாட்டார். மரத்தூளுக்குப் பச்சைச் சாயமேற்றிப் புல்லாக ஒட்டினாள். தீக்குச்சிகளில் கைகாட்டி செய்தாள். ‘செஞ்சி ஜங்ஷன்’ என்று மஞ்சள் பலகை எழுதினாள். பலகை வைத்த மேசையைச் சுற்றித் தரைவரை கறுப்புத் துணி தைத்ததும் அவள்தான்.

“துணி எதுக்கு மாமா?”

“கீழ பேட்டரி இருக்குது. தொட்டா ஷாக் அடிக்கும்.”

சொல்லிவிட்டு அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டாள். எனக்குச் சந்தேகம் தட்டியது.

பொருட்காட்சியில் ரயில் ஓடத்தான் செய்தது. தாசில்தாரே குனிந்து பார்த்தார். வல்லத்திலிருந்து வந்தவர் ஒருவர், “இன்னாமா ஓடுது பாரு!” என்று பெண்டாட்டியை இழுத்துக் காட்டினார். குகைக்குள் போகும், கொஞ்சம் தங்கும், கூவிக்கொண்டு வெளியே வரும். அந்தக் கூவல்தான் எனக்கு இடித்தது. ஒரு தடவை அது பாதியில் சிரிப்பாக உடைந்தது. பேட்டரி சிரிக்குமா? மாமா தாசில்தாரிடம் பேசிக்கொண்டிருந்த சமயம், பின்பக்கம் போய்த் துணியைத் தூக்கினேன்.

உள்ளே அத்தை! மேல்சித்தாமூரில் சிநேகிதி வீட்டுக்குப் போவதாகக் காலையிலேயே கிளம்பியவள். படுக்க வைத்த சைக்கிள் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். அதன் விளிம்பில் கட்டிய காந்தம் போகிற பக்கமெல்லாம் மேலே தகர ரயில் ஓடியது. வாயில் ஊதல். தலை நிறைய மல்லிகைப்பூ.

“யார்கிட்டயும் சொல்லாதடி கண்ணு” என்றாள். முகமெல்லாம் வேர்வை. அவளை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

மாமாவுக்கு முதல் பரிசு கிடைத்தது. மேல்சித்தாமூர் பஸ்ஸில் அத்தையைக் காணவில்லையே என்று யாரோ நைனாவின் கடையில் சொல்லியிருக்க வேண்டும். “உங்க அத்தைய எங்கனா பாத்தியா?” என்று அன்று நைனா கேட்டார். “இல்ல நைனா” என்றேன். பேட்டரி இல்லாதது தெரிந்தால் மாமாவின் கோப்பையைப் பிடுங்கிவிடுவார்களே!

அடுத்த மாதம் அத்தையும் மாமாவும் மெட்ராஸில் கல்யாணம் செய்துகொண்டதாகச் செய்தி வந்தது. அம்மா அடுப்பே மூட்டவில்லை. நைனா கடை திறக்காமல் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“உனக்கு எல்லாம் தெரியும். உண்மையச் சொல்லு.”

“சத்தியமா அது பேட்டரியிலதான் ஓடுச்சு நைனா.”

நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பேட்டரி என்றதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.