இனி வேர்க்காதுங்க

சிங்காநல்லூர் ஜோவிதா பதினாறு வருஷமாக மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். வானத்தைப் பார்க்காமல் ஃபவுண்டேஷன் டப்பாவைத் திறக்க மாட்டாள். முன்பொரு ஆனி மாதக் காற்றில், உடுமலைப்பேட்டையில் அவள் மணப்பெண்ணுக்குப் பூசியது அப்படியே பெயர்ந்து பறந்து மாப்பிள்ளை முகத்தில் ஒட்டிக்கொண்டது. வந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளைதான் அழகு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம்பாதவர்கள் ஆல்பத்தைப் பார்க்கலாம். அன்றிலிருந்து தோல் எப்படி, வெயில் எப்படி என்று ஃபோனிலேயே விசாரித்துவிடுவாள்.

போன சித்திரையில் பீளமேட்டிலிருந்து சகாயம் என்பவர் கூப்பிட்டார். நாலு மணிக்குச் சர்ச், வெள்ளைப் பட்டு, வீட்டுக்கே வரவேண்டும் என்றார்.

"முகம் எண்ணெய் வழியுங்களா?"

"காஞ்சு கெடக்குதுங்க."

"வெயில்ல அலைய உட்ராதீங்க."

"ஏசியிலதானுங்க வெச்சிருக்கறோம்."

"அப்ப வேர்க்காதுங்களே?"

அவர் தொண்டையைச் செருமினார். "இனி வேர்க்காதுங்க."

காய்ந்த தோலுக்கென்று நீர்ப்பதமான ஃபவுண்டேஷனோடு போய் இறங்கினாள் ஜோவிதா. கூடத்தில் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி. உள்ளே வெள்ளைப் பட்டுடுத்திச் சகாயத்தின் அக்கா, பிலோமினா டீச்சர். ஜோவிதா வாசற்படிவரை பின்வாங்கினாள்.

"கல்யாணம்னு நெனச்சு வந்துபோட்டனுங்க!"

"காமாலை, அம்மணி. மூஞ்சி மஞ்சளாக் கெடக்குது. அக்காகிட்டப் படிச்ச புள்ளைங்க நானூறு பேர் வாராங்க. இந்தக் கோலத்துல காட்ட மாட்டேன். உங்களால முடியலீன்னா, சவப்பெட்டிய மூடியேதான் கொண்டுபோவேன்," என்றார் சகாயம்.

வாசலில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. ஜோவிதா கண்ணாடியைத் திறக்கச் சொல்லிப் பூசத் தொடங்கினாள். நெற்றி முடிந்து கன்னத்துக்கு வருவதற்குள் டீச்சரின் மூக்கின் மேல் ஒரு துளி அரும்பியது. பிறகு நெற்றியெல்லாம்.

"அய்யோ, டீச்சருக்கு வேர்க்குது!"

கூடம் காலியாயிற்று. ஒரு மாமா ஒற்றைச் செருப்போடு ஓடியவர் விமான நிலையத்தில்தான் நின்றாராம். ஜோவிதா மாலைகளுக்குப் பின்னால் போய் விழுந்தாள். சகாயம் மட்டும் அக்காவின் மார்பில் காதை வைத்து, வெகுநேரம் எடுக்கவில்லை.

அப்போதுதான் ஜோவிதா பார்த்தாள். அவளுக்கென்று வைத்திருந்த ஐஸ் தண்ணீர்ச் சொம்புக்கும் வேர்த்திருந்தது.

"காத்துல இருக்கற ஈரமுங்க," என்றாள் மெல்ல. அவர் தலையை எடுத்துக்கொண்டார்.

குளிர் அடங்கும்வரை ஒற்றி ஒற்றி எடுத்தாள். நீர்ப்பதத்தைத் தூர வைத்தாள். மஞ்சளை அடக்க இளம் ஊதா. அதன்மேல் மெழுகுபோல் இறுகிய ஃபவுண்டேஷன். அதைத் தோலின் சூடுதான் இளக்கும். இங்கே சூடு ஏது? தன் உள்ளங்கைகளைத் தேய்த்துத் தேய்த்து, அந்தச் சூட்டிலேயே இளக்கி ஒற்றினாள்.

"அஞ்சு நிமிசம் அசையாதீங்க கண்ணு," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சகாயம் குனிந்து பார்த்தார். அவர் கை தானாகப் போய்ச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது.

"கதவத் தெறந்துவிடுங்க," என்றார்.

நானூறு பேரும், நரைத்தவர்கள் உட்பட, யாரும் சொல்லாமலே உயர வரிசையில் நின்று உள்ளே வந்தார்கள்.