ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு நூல்

"தலையைக் கொஞ்சம் குனிங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்த தலையின் பிடரியிலேயே சீப்பைச் செருகி வைத்துவிட்டு, மேவிஸ் டிப்லாக் வரைபடத்தின் பக்கம் போய்விடுகிறார். துணி போர்த்திக்கொண்டு நாற்காலியில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி, பாதி வெட்டிய முடியோடு காத்திருக்க வேண்டியதுதான். கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் ஷாம்பு பாட்டில்களை ஓரங்கட்டிவிட்டு வரைபடம் விரிந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு சிவப்புக் கம்பளி நூல் குன்றுகளின் முதுகோடு வளைந்து வளைந்து கடலை நோக்கிப் போகிறது. நூல் திரும்பும் இடங்களில் எல்லாம் ஒரு கொண்டை ஊசி.

"இந்த ஏத்தத்துல உங்களுக்கு மூச்சு வாங்குமா?"

"எனக்கெதுக்கும்மா மூச்சு வாங்கணும்? நான் முடி வெட்டிக்க வந்தேன்."

"வாங்கும்னே வெச்சுக்கறேன்" என்று நூலைச் சற்றுத் தெற்கே நகர்த்தி, ஊசியை மாற்றி வைக்கிறார். பிறகுதான் கத்தரிக்கோல் மறுபடி பேச ஆரம்பிக்கிறது.

சசெக்ஸின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அடியில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில், மேவிஸின் சலூனுக்குப் போய்விட்டு நடைப்பயணத்தைப் பற்றிப் பேசாமல் திரும்பியவர் கிடையாது. வசந்தத்தில் உறவும் நட்புமாக ஆறு பேர் சேர்ந்து நான்கு நாள் நடை; அதற்குக் குளிர்காலம் முழுக்கத் திட்டம். வாசலில் நின்றால் தெரிகிற குன்றுக்கு லீவு போட்டுவிட்டுப் போவானேன் என்று வெளியூரிலிருந்து குடிவந்தவர்கள் கேட்பார்கள். மேவிஸுக்கு அந்தக் கேள்வியே விளங்குவதில்லை. கீழே நின்று பார்க்கிற குன்று வேறு, மூட்டையோடு ஏறி அந்தப் பக்கம் இறங்கி, யாரோ விரித்த படுக்கையில் தூங்கி எழுந்து மறுபடி ஏறுகிற குன்று வேறு.

கதவுக்குப் பின்னால் பழைய செய்தித்தாள்மேல் அவருடைய பூட்ஸ் நிற்கும். போன நடையின் சுண்ணாம்புச் சேறு காய்ந்து, மாவில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். அடுத்த பயணத்துக்கு முந்தின நாள்வரை அதைத் துடைக்கமாட்டார். வாடிக்கையாளர் யாராவது முகம் சுளித்தால், "அது அழுக்கில்ல, மலை" என்பார்.

இன்னொரு விசித்திரம், சுவர்க்கடிகாரம். மார்ச் கடைசி ஞாயிறன்று, கோடை வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க, நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும்; அக்டோபர் கடைசியில் பழையபடி திருப்பிவிடும். மேவிஸ் தள்ளமாட்டார். ஸ்டூல் போட்டு ஏறவேண்டும், ஆணி ஆடுகிறது, இறக்கினால் சுவரில் காரை பெயரும். "ஆறு மாசம் பொறுங்க, அதுவா சரியாயிடும்" என்று சொல்லிவிடுவார். அதனால் கோடை முழுக்க அந்தக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியே ஓடும். புதிதாக வருகிறவர்கள் பேருந்தைத் தவற விடுவார்கள். அவருடைய நாத்தனார் குவெண்டா ஊர் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

குவெண்டாவைப் பற்றிச் சொல்லாமல் மேவிஸைப் பற்றிச் சொல்ல முடியாது. மேவிஸின் கணவர் வில்ஃபுக்கு மூத்த சகோதரி. திருத்தமான பெண்மணி, மழை வருவதற்கு முன்பே குடையை விரிப்பவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மேவிஸ் செய்த தப்பை இந்த ஊர் மறக்காமல் பார்த்துக்கொண்ட பெருமை அவரையே சேரும்.

தப்பு இதுதான். நடையின் கடைசி நாளில் குன்றுத்தொடர் கடலைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன ஆறு கடலில் கலக்கிறது. இந்தக் கரையில் பாதை முடிகிறது. அந்தக் கரையில் பாதை தொடங்குகிறது. அதன் ஓரத்தில் 'வெள்ளைக் கடா' விடுதி. மேவிஸ் நூலை நேராக ஆற்றின்மேல் இழுத்து அந்தக் கரையில் ஊசி போட்டுவிட்டார். சின்ன வயதிலிருந்து அந்த முகத்துவாரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். பார்த்துப் பழகியதாலேயே ஒருவரும் வரைபடத்தை உற்றுப் பார்க்கவில்லை. ஆற்றோரம் வந்து நின்ற பிறகுதான் பாலம் இல்லை என்பது உறைத்தது. எதிரே விடுதியின் புகைபோக்கி தெரிகிறது, ஆட்டுக்கறி வேகிற வாசனைகூட வந்தது என்று வில்ஃப் இன்றும் சாதிக்கிறார். பாலமோ உள்நாட்டில் வெகுதூரம் தள்ளி. அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அடுப்பை அணைத்துவிட்டிருந்தார்கள். அன்றைய இரவுச் சாப்பாடு ஆளுக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ்.

அன்று முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குவெண்டா, வண்ணக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, மேவிஸுக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ் பரிசளித்து வருகிறார். 'வழியில் பசித்தால்' என்று மேலே எழுதியிருக்கும். மேவிஸ் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வார். உள்ளே எவ்வளவு எரிந்தது என்பது வில்ஃபுக்கு மட்டும் தெரியும்.

இந்தக் குளிர்காலத்தில் குவெண்டா ஒரு படி மேலே போனார். நடைக்குப் பதிலாகச் சொகுசுப் பேருந்தில் சுற்றுலா போகலாம் என்று ஒரு விளம்பரப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார்: கடற்கரை ஊர்களையெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போகலாம், வேளாவேளைக்குச் சாப்பாடு. அவர் கணவர் சிட்னி தலையாட்டினார். எப்போதும் கூட வருகிற பேக்கரிக்காரரும் மனைவியும்கூடப் படங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது.

"இந்த ஒரு தடவை உன் நடை" என்றார் குவெண்டா. "வழியில ஏதாவது சொதப்பிச்சோ, அடுத்த வருஷத்துலேர்ந்து பஸ்ஸுதான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சரி" என்றார் மேவிஸ். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் வில்ஃபிடம் சொன்னார்: "வருஷம் பூரா ஒரு நாற்காலியச் சுத்திச் சுத்தி நடக்கறவ நான். இந்த நாலு நாளுதான் நேரா நடக்கறேன். அதையும் புடுங்கிக்கிட்டா எப்படி வில்ஃப்?"

வில்ஃப் குழாய் ரிப்பேர் செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். "பாலத்து வழியாவே போட்டுடேன்" என்றார்.

அதுதான் மேவிஸால் முடியவில்லை. அவமானப்பட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை. மீன்பிடிச் சாமான் கடையிலிருந்து கடல் ஏறி இறங்கும் நேரம் அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து கண்ணாடி ஓரத்தில் செருகிக்கொண்டார். வயதான மீனவர்கள் முடி வெட்ட வந்தால் லேசில் எழுந்திருக்க விடவில்லை. மார்ச் கடைசி அமாவாசையை ஒட்டித்தான் கடல் மிக அதிகமாக உள்வாங்கும், அப்போது முகத்துவாரத்தில் கூழாங்கல் திட்டு எழும்பும், முழங்கால் தண்ணீரில் கடந்துவிடலாம் என்று ஆளுக்கு ஆள் சொன்னதை ஒன்றோடொன்று உரசிப் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு மாலையை நட்டுவைத்து, அதிலிருந்து பின்னோக்கி மற்ற நாட்களை அளந்தார். எந்தக் குன்றில் எப்போது ஏறுவது, எந்த விடுதியில் எத்தனை மணிக்குக் காலைச் சாப்பாடு எல்லாமே அதற்குத் தக்கபடி. 'ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஆற்றங்கரை' என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சிவப்பு நூலை மறுபடி முகத்துவாரத்தின் குறுக்கே நேராக இழுத்தார்.

முதல் மூன்று நாளும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. காற்று முதுகுப் பக்கம் இருந்தது. ஆட்டுக்குட்டிகள் பிறந்திருந்தன. குவெண்டாவே ஒரு முறை "பரவால்ல" என்று சொல்லி, உடனே இருமி அதை மறைத்துக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம், கடைசிக் குன்றின் மேல் இருக்கிற தேநீர்க் கடையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஆறு மெலிந்து கிடந்தது. மேவிஸ் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். குவெண்டா எழவில்லை.

"உக்காரு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"ஆறுன்னு சொன்னேனே."

"நீ சொன்னது புஸ்தகத்துல போட்டிருக்கறது. அந்தப் புஸ்தகத்துல எல்லாம் வருஷம் முழுக்கக் குளிர்கால நேரந்தான் போடுவான். இன்னிக்குக் காலைலதான் கடிகாரத்த மாத்தியாச்சு. ஒண்ணு கூட்டிக்கணும். ஏழு மணிக்குத்தான் தண்ணி வத்தும்."

"புஸ்தகத்துல அஞ்சு, குவெண்டா. நான் கூட்டித்தான் ஆறு சொன்னேன்."

குவெண்டா கேக்கின் மேல் வெண்ணெயைத் தடவிக்கொண்டே சிரித்தார். "உன் கடைக் கடிகாரத்தப் பாத்திருக்கேன் தாயே. நீயாவது, கூட்டறதாவது."

பேக்கரிக்காரர் தேநீரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், எழவில்லை. மேவிஸ் இறங்க ஆரம்பித்தார். வில்ஃப் மட்டும் பின்னால் வந்தார். பாதி வழியில் அவரும் மெல்லக் கேட்டார்: "நெசமாவே கூட்டினியா?"

மேவிஸுக்கு அது சுருக்கென்று தைத்தது. அதைவிட மோசம், அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கூட்டினேனா, கூட்ட நினைத்தேனா? வழுக்குகிற சுண்ணாம்புச் சரிவில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். கண்ணுக்குள் தன் கடையும் சுவர்க்கடிகாரமும் வந்தன. ஒவ்வொரு கோடையிலும் நாளைக்கு இருபது தடவை அதை நிமிர்ந்து பார்த்து, ஒன்று கூட்டி, வாடிக்கையாளருக்கு நேரம் சொல்லிச் சொல்லியே வயதானவர் அவர். கடிகாரத்தை மாற்றி வைக்கிறவர்கள் கூட்ட மறக்கலாம். மாற்றாதவளுக்கு எப்படி மறக்கும்?

"கூட்டினேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் நடை ஓட்டமாகிவிட்டது.

முகத்துவாரத்தில் கூழாங்கல் திட்டு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் போகவும் இல்லை வரவும் இல்லை, யோசித்துக்கொண்டு நின்றது. மேவிஸ் பூட்ஸைக் கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் தொங்கவிட்டார், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார், இறங்கினார். குளிர் எலும்பைக் கடித்தது. முழங்கால்வரை வந்த தண்ணீர் அதற்கு மேல் ஏறவே இல்லை. நடு ஆற்றில் ஒரு நிமிஷம் நின்று, வரைபடத்தில் தன் சிவப்பு நூல் கிடக்கும் அதே கோட்டில் நிற்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. வில்ஃப் பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

அக்கரையில் ஏறி, சிவப்புக் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் குன்றைப் பார்த்து ஆட்டிக் காட்டினார். பேக்கரித் தம்பதிக்குப் பொறுக்கவில்லை. விழுந்தடித்து இறங்கி வந்தார்கள். தண்ணீர் அதற்குள் திரும்பியிருந்தது. மீதி கேக்கைத் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி, தொடைவரை நனைந்து, சிரிப்பும் அலறலுமாகக் கரையேறினார்கள்.

குவெண்டா ஏழு மணிக்குத்தான் இறங்கி வந்தார். வாக்கு மாறாத பெண்மணி. அப்போது கூழாங்கல் திட்டையே காணோம். வெளிச்சமும் மங்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றில் கைவைத்ததைப் பார்த்ததும் மேவிஸ் கரை விளிம்புக்கு ஓடினார். இரண்டு கையையும் குறுக்காக வீசி, "எறங்காத குவெண்டா, இடுப்பளவு வந்துடுச்சு. சிட்னி, அவளப் புடிங்க. பாலத்து வழியா வாங்க, நாங்க இருக்கோம்" என்று தொண்டை கிழியக் கத்தினார். எதிர்க்கரையில் குவெண்டா கயிற்றிலிருந்து கையை எடுத்தார். பிறகு நிமிர்ந்து, மேவிஸ் காட்டிய வழியில் நடந்தார். அவர்கள் ஆற்று வளைவில் மறையும்வரை மேவிஸ் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

'வெள்ளைக் கடா'வில் ஆட்டுக்கறி வறுவலும் புதினாச் சாறும் அமர்க்களமாக இருந்தன. விடுதிக்கார அம்மாள் அடுப்பை அணைக்கப் போன நேரத்தில் மேவிஸ் எழுந்து சமையலறைக்குள் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. குவெண்டாவும் சிட்னியும் முழங்கால்வரை வெள்ளைச் சேறாக வந்து உட்கார்ந்தார்கள்.

"சமையல மூடிட்டாங்களா?" என்றார் குவெண்டா.

"மூடிட்டாங்க."

மேவிஸ் தன் பையைத் திறந்தார். வண்ணக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டிய, போன கிறிஸ்துமஸுக்கு வந்த பொட்டலம். நான்கு நாளாக முதுகில் சுமந்து வந்திருக்கிறார். 'வழியில் பசித்தால்' என்ற எழுத்து மேலே தெரிகிறபடி அதை நாத்தனாருக்கு முன்னால் வைத்தார்.

பேக்கரிக்காரர் மனைவி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். குவெண்டா தன் கையெழுத்தைத் தானே படித்துப் பார்த்தார். பிறகு ரிப்பனை அவிழ்த்து, பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை எடுத்து மென்றார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "அடுத்த வருஷம் எந்தப் பக்கமா போறோம்?" என்று கேட்டார்.

மேவிஸ் எழுந்தார். உள்ளே போய், மூடி வைத்திருந்த இரண்டு தட்டுகளைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து வைத்து மூடியைத் திறந்தார். கறி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பிறகு மீதி சிப்ஸ் இருந்த பாக்கெட்டின் வாயை மடித்து, தன் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி அதில் செருகி, பத்திரமாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.