கேஸ்தான் என்று சொன்னேன்

எங்கள் எண்ணூர்ப் பக்கம் யார் இருமினாலும் முதலில் கேஸ் கசிகிற அந்த உரக் கம்பெனி இருக்கும் திசையைத்தான் திரும்பிப் பார்ப்போம். அதனால் என் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு கொர்கொர்ரென்று மூச்சு வாங்கியபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு கோழிக்கு மூக்கில் சளி, ஒரு கண் வீங்கி மூடியே இருந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"மன்சன பாடா படுத்துனது பத்தாதா? வாயில்லா ஜீவனையுமா கேஸ் வுட்டு கொல்லுவீங்க?"

கூட்டம் சேர்ந்தது. யாரோ போனில் படம் பிடித்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆறு கோழிகள். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துப் போடவென்றே குஞ்சிலிருந்து வளர்த்தவை. இரண்டு வீட்டுக் கோழிகளும் ஒரே சந்தில் மேய்ந்து, ஒரே உடைந்த பக்கெட்டில் தண்ணீர் குடிக்கும்.

மறுநாள் கோழியைக் கட்டைப்பையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா பார்த்ததும், "புதுசா ஏதாவது கோழி வாங்கிச் சேர்த்தீங்களா?" என்று கேட்டார்.

சேர்த்திருந்தேன். பத்து நாள் முன்பு புளியந்தோப்புக் கோழிக்கடையில் வாங்கிய சேவல். வாங்கும்போதே அதற்கு மூக்கு ஒழுகியது. வெயிலில் வந்த களைப்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"இது தொத்துற சளிம்மா. தனியா அடைச்சு, தண்ணியில மருந்து கலந்து குடுங்க. பக்கத்துல யாராவது கோழி வளர்த்தா இன்னைக்கே சொல்லிடுங்க."

சந்து முனையிலேயே அக்கா நின்றிருந்தார். "இன்னாமே சொன்னாங்க?"

நேற்று அத்தனை பேர் முன்னால் அந்தக் கத்து கத்திவிட்டு, இன்று எல்லாம் என் சேவலால் வந்த வினை என்று எப்படிச் சொல்வது? தெருவே சிரிக்குமே.

"கேஸ்தான்க்கா" என்றேன்.

என் நான்கு கோழிகளையும் சேவலையும் உள்ளே அடைத்து, மருந்து கலந்து கொடுத்தேன். அக்காவின் கோழிகளும் தும்ம ஆரம்பித்தன. கேஸ் படக்கூடாதென்று அவர் ஆறையும் ஒரே கூடைக்குள் போட்டு, மேலே ஈரச்சாக்கைப் போர்த்தி மூடிவைத்தார். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. வாய் நீளமானவளுக்கு அப்போது மட்டும் நாக்கு எழவில்லை. சே, என்ன ஜென்மம் நான்! ஒரு வாரத்தில் அக்காவின் ஆறில் ஐந்து செத்துப்போயின.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மிஞ்சிய ஒரே கோழியை அடித்து சூப் வைத்த அன்று, அக்கா ஒரு டம்ளரில் எனக்கும் கொண்டுவந்தார்.

"பொண்ணுக்கே பத்தாதே, எனக்கு எதுக்குக்கா?"

"எங்களுக்கோசரம் தொண்ட கிழிய கத்துனவ நீதானே? குடிமே."

கதவுக்குப் பின்னால் என் கோழிகள் கொக்கரித்தன. அக்கா எட்டிப் பார்த்தார். "உன்துங்களாச்சும் பொழச்சிக்கினுச்சே" என்றார், நிஜமான சந்தோஷத்தோடு.

அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கொடுத்தேன். உள்ளே போய் ஒரு கோழியைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். இது மட்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்டுவிடுவாரோ என்று கொடுக்கவில்லை.