மேல்வீட்டு ஏசித் தண்ணீர்

சலூன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் வராது. கேம்ப் ரோட்டில் ஒரு கடைக்கு ஷேவிங்குக்காகப் போய், தலைக்கு டையும் முகத்துக்கு ஏதோ பழக்கூழும் பூசிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன். “அண்ணா, இதையும் போட்டுட்டா பளிச்னு ஆயிடும்ண்ணா” என்று கடைக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொல்வார். கண்ணாடிக்குள் இருக்கும் ஆளிடம் எப்படி மறுப்பது? கதவைத் திறந்த என் மனைவி, “யாருங்க நீங்க? அவர் இன்னும் வரலையே” என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இனி வீட்டில்தான் என்று.

டியூப் கிரீம் போட்டால் எனக்குக் கன்னம் தடித்துவிடும். மழிக்காமலும் இருக்க முடியாது. மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. இரண்டு நாள் தாடியோடு போனால், “உடம்பு சரியில்லையா?” என்று ஆளாளுக்கு விசாரிப்பார்கள். பதில் சொல்லி மாளாது. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கட்டி ஷேவிங் சோப்பு ஒன்று பீரோவில் கிடந்தது. வட்டமாக, வழவழவென்று, திருகைக்கல்லின் குட்டி மாதிரி. அதை எடுத்தேன்.

நுரை வரவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் பிளாட்டின் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்றால், ஷவரில் பாதி ஓட்டை உப்பு அடைத்துக் கிடக்கும். அந்தத் தண்ணீரில் பிரஷ்ஷை எவ்வளவு சுழற்றினாலும் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகத்தான் வந்தது. அதை முகத்தில் அப்பிக்கொண்டு பிளேடை இழுத்ததில் கன்னமெல்லாம் கீறல். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர், “பூனையா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

கேன் தண்ணீரில் முயன்றேன். நன்றாக வந்தது. இரண்டாம் நாளே மனைவி பார்த்துவிட்டாள்.

“குடிக்கிற தண்ணிங்க அது. கேன் போடறவர் முதுகொடிய மாடிக்குத் தூக்கிட்டு வர்றாரு. நீங்க மூஞ்சிக்கு ஊத்துறீங்களா?”

அதோடு கேன் விவகாரம் முடிந்தது.

எங்களுக்கு மேலே, இரண்டாவது மாடி வீட்டின் ஏசித் தண்ணீர் எங்கள் பால்கனி ஷீட்டில் விழுந்து, உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் கேட்காமலிருக்க அடியில் ஒரு வாளி வைத்திருந்தோம். ஒரு நாள் காலை மோட்டார் ரிப்பேர். குழாயில் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் அந்த வாளித் தண்ணீரை ஒரு மக்கில் எடுத்து, துணியில் வடிகட்டிக்கொண்டேன். சோப்பின்மேல் கொஞ்சம் தெளித்துவிட்டுப் பல் தேய்த்து வந்தேன். மேல்பக்கம் லேசாக இளகியிருந்தது. பிரஷ்ஷை நனைத்து, உதறி, சோப்பின்மேல் சுழற்றினேன்.

பசை மாதிரி பிரஷ்ஷில் ஏறியது. கன்னத்தில் வைத்து, நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சுழற்றினேன். பொங்கிவிட்டது. காதுவரை நுரை. அந்த ஏசித் தண்ணீரில் உப்பு என்பதே இல்லை போலிருக்கிறது. பிளேடு போனதே தெரியவில்லை. வெட்டும் இல்லை, எரிச்சலும் இல்லை. யாரோடும் ஒரு வார்த்தை பேச வேண்டியதும் இல்லை. அதற்குப் பிறகு எந்தச் சலூன் வாசலையும் நான் நிமிர்ந்து நடந்து கடந்தேன்.

இதில்தான் அசோசியேஷன் செகரெட்டரி வந்து சேர்ந்தார். ரிட்டயர் ஆனவர், நல்லவர், அடுத்தவர் கஷ்டம் பொறுக்காதவர். கீழே நின்று எங்கள் பால்கனியைப் பார்த்திருக்கிறார்.

“சார், மேல்வீட்டுத் தண்ணி உங்க தலையில விழுது. நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்க. கவலைப்படாதீங்க, உங்களுக்காக நான் பேசறேன்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். “சரிங்க சார்” என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் மீட்டிங். பிளம்பரையும் வரவழைத்திருந்தார்கள். ஏசியிலிருந்து பைப் போட்டு, தண்ணீரை நேராகக் கீழே சாக்கடையில் விடுவதாக ஏற்பாடு. மேல்வீட்டு அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“இத்தனை நாள் பொறுத்துக்கிட்டீங்களே சார். வேற யாரா இருந்தாலும் சண்டைக்கு வந்திருப்பாங்க.”

எல்லோரும் என்னைப் பெரிய மகான் மாதிரி பார்த்தார்கள். பிளம்பர் டேப்பை நீட்டி அளக்க ஆரம்பித்தார். இப்போது பேசாவிட்டால் மறுபடியும் அந்த நாற்காலி, அந்தக் கண்ணாடி, அந்தப் பழக்கூழ். எழுந்தேன். மீட்டிங்கில் நான் எழுந்தது அதுதான் முதல் தடவை.

“அந்தத் தண்ணி எனக்கு வேணும்.”

 பிளம்பர்தான் முதலில் பேசினார்.

“இன்னா சார் இது! ஏசி தண்ணி வூட்ல வுயுதுன்னு ஊரே சண்ட போட்டுகினு கீது. இவரு வுயலன்னு சண்டைக்கு வராரே!”

“எதுக்கு சார் வேணும்?” என்றார் செகரெட்டரி.

 கீழே இறங்கிப் போய் சோப்பு, பிரஷ், இரண்டு மக்கில் இரண்டு தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தேன். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். முதலில் போர் தண்ணீர்: திப்பி. பிரஷ்ஷைக் கழுவி, அடுத்தது ஏசித் தண்ணீர். நுரை குவிந்ததும் செகரெட்டரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் நம்ப மாட்டேன். என் கன்னத்துல போடுங்க, பார்ப்போம்.”

போட்டேன். அவர் காலையிலேயே மழித்திருந்தார், ஆனாலும் போட்டேன். யாரும் கை தட்டவில்லை, ஆனால் எல்லோரும் கிட்டே வந்து பார்த்தார்கள். தரைத்தள வீட்டம்மா, “கேக்கு க்ரீம் மாதிரி நிக்குதே” என்றார். செகரெட்டரி நுரையைத் துடைக்கவில்லை. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கலாம் என்று அப்படியே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தொட்டி கழுவுவது பற்றி ஒரு கன்னத்து நுரையோடு கண்டிப்பாகப் பேசினார். தொட்டி முடிந்து, பார்க்கிங்கில் சண்டை வந்து, அதுவும் முடிந்தது. நுரை இறங்கவில்லை.

பைப் போட்டார்கள். சாக்கடைக்கு அல்ல, என் பால்கனி வாளிக்கு. பிளம்பர் நுனியில் ஒரு குழாய்த் திருகும் வைத்துக் கொடுத்தார். “சார், இனி ராஜா மாதிரி ஷேவ் பண்ணு” என்றார். நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

இப்போது மார்கழி. யாரும் ஏசி போடுவதில்லை. வாளி காய்ந்துவிட்டது. சாயங்காலம் பஸ் இறங்கி கேட்டுக்குள் நுழைந்தால், மேலேயிருந்து அக்காவின் குரல் வருகிறது.

“சார், நாளைக்கு ஷேவிங் இருக்கா? ஏசி போடட்டுமா?”

“நேத்துதானே பண்ணாரு!” என்கிறார் தரைத்தள வீட்டம்மா, கோலமாவு டப்பாவோடு.

“தாடை ஓரம் விட்டுப்போச்சு போல இருக்கே” என்று செகரெட்டரி அருகில் வந்து பார்க்கிறார்.

அக்காவுக்குப் பின்னால் அவர் கணவர் மப்ளர் கட்டிக்கொண்டு, கையில் ரிமோட்டுடன் நிற்கிறார். “பதினெட்டுல வச்சாதான் சார் தண்ணி சொட்டுது” என்று சொல்லிவிட்டு இருமுகிறார்.

மூன்று தளமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன்.

“போடுங்க சார்” என்கிறேன்.